பஸ்ஸில் வந்த கோர்ட் காகிதம்

கான்வென்ட் தோழிகளே, இன்று கம்பம் போகும் பஸ்ஸில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு விவசாயி, கையில் இங்கிலீஷ் கோர்ட் காகிதம். குடும்பத்துப் பொதுக் கிணற்றில் அவர் தண்ணீர் இறைக்கக் கூடாதென்று அவருடைய அண்ணனே வழக்குப் போட்டிருக்கிறாராம். இறைக்காவிட்டால் நெல் கருகிவிடும்.

என்னைத் தெரிந்த கண்டக்டர் சும்மா இருக்கவில்லை. "அம்மா கான்வென்டுல படிச்சவுக. அவுககிட்டக் குடுப்பா!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னலோரம், எழுந்து போக வழியில்லை.

கணீரென்று வாசித்தேன். இன்ஜங்ஷன், எக்ஸ்பார்ட்டி, டிக்ரி. உச்சரிப்பில் குறையில்லை, அர்த்தம்தான் தெரியவில்லை. கன்னியாஸ்திரிகள் நமக்கு நீதியை ஒரு புண்ணியமாகத்தானே சொல்லித் தந்தார்கள், சட்டமாக இல்லையே?

"என்ன சொல்லுறாக ஆத்தா?"

கடைசி வரியில் தேதி இருந்தது. நாளைக் காலை, பெரியகுளம் கோர்ட். அவரோ எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறார்.

"எனக்கு இது புரியலப்பா. நாளைக்கே கேசு. இங்கனயே இறங்கி, பெரியகுளத்து வக்கீல்கிட்டப் போ" என்றேன். என் நாற்பது வருட கௌரவமும் அவரோடு சின்னமனூரில் இறங்கியது.

போகும்போது கண்டக்டரிடம் சொன்னார்: "கான்வென்டு ஆத்தாவுக்கே வெளங்கலயாம்ணே. எங்கண்ணன் பெரிய கேசாத்தான் போட்டிருக்காக!"

வக்கீல் மகனைப் பெற்றவர்கள் அந்த மூன்று சொற்களுக்கும் மறுதபாலில் அர்த்தம் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அதே கண்டக்டரின் பஸ்ஸில்தான் நான் திரும்ப வேண்டும்.