அண்ணாவின் தோள் நோவு

சில வருடங்களுக்கு முன், சோளகக் காற்று எழும்புவதற்குச் சற்று முந்திய ஒரு நாளில், எங்கள் ஊரான அரிப்பின் கடற்கரையில் நடந்தது இது. என் அண்ணா கடலடிக்கு மூழ்கிக் கடலட்டை பிடிக்கும் சுழியோடி. அன்று மதியம் கரைக்கு வந்தவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்திவிட்டார். தாடையும் பல்வலி மாதிரி இழுக்கிறது என்றார். உலர்ந்த சேர்ட் மாற்றிக் கொடுத்தேன், அதுவும் வியர்வையில் நனைந்துவிட்டது.

எங்கள் ஊரில் சுழியோடிக்குத் தோள் நொந்தால் ஒருவரும் பெரிதாக யோசிப்பதில்லை. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் மூட்டுகளில் அப்படித்தான் பிடிக்கும். திரும்பவும் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, கொஞ்ச நேரம் கீழே இருந்துவிட்டு ஆறுதலாக ஏறினால் சரிவரும் என்பது எங்கள் ஆட்களின் வைத்தியம். அண்ணாவே எத்தனையோ பேரை அப்படி இறக்கியிருக்கிறார்.

"நெஞ்சு நோகுதோ அண்ணா?" என்று கேட்டேன்.

"சீ, நெஞ்சில ஒண்டுமில்லை. தோள்தான். வயித்தைப் பிரட்டிச் சத்தி வாற மாதிரியும் கிடக்கு."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. "வா மச்சான், ஒருக்கா இறங்கி எழும்பினாச் சரி" என்று அவருடைய கூட்டாளி தாங்கிப்பிடித்துப் படகில் ஏற்றினார். நான் தேத்தண்ணி போட்டுவைத்துக் காத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது அண்ணாவால் நடக்கவே முடியவில்லை. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் தாதி அவரைப் படுக்கவைத்து ஈ.சி.ஜி. வயர்களை நெஞ்சில் ஒட்டினார்.

"நெஞ்சில இல்லை மிஸ், தோளில!" என்று நான் கத்தினேன்.

"ஓம் தங்கச்சி, சில ஆக்களுக்கு ஹார்ட் அட்டாக் இப்பிடியும் வரும். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே" என்றார். டொக்டர்மார் எவ்வளவோ போராடினார்கள். மாதாவே! அண்ணா போய்விட்டார்.

அதன்பிறகு அந்தக் கூட்டாளி எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. போன வருடம் இன்னொரு சுழியோடிக்குத் தோள் நொந்தபோது, கடலுக்கு இறக்கப் போனவர்களை மறித்து, ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். இதயத்தில் ஒன்றுமில்லையாம், வெறும் மூட்டு நோவாம். கரையில் எல்லாரும் அவரைப் பகிடி பண்ணினார்கள். அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதார்.

"இண்டைக்கு இவனைக் கொண்டுபோன மாதிரி அண்டைக்கு உன்ர அண்ணனையும் கொண்டுபோயிருக்கலாமே, தங்கச்சி..."

எனக்கு அவர்மேல் கோபமில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு யார் கரையேறினாலும் "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று கத்துகிறவள் இப்போது நான்தான். அந்த ஒரு சொல்லை என் அண்ணாவுக்குச் சொல்ல அன்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.