ஜப்பான் பன்னும் கள்ளுக் கலயமும்

மலாயாப் பக்கம் யுத்தம் எட்டுவதற்குச் சற்று முன்பு, சிங்கப்பூரிலிருந்து நாங்கள் மதுரைக்குத் திரும்பிவிட்டோம். கணவர் வேலை தேடிப் பட்டணம் போயிருந்தார். நானும் ஆறு வயது மகளும் செல்லூரில் என் அண்ணன் வீட்டில் இருந்தோம்.

வந்த இரண்டாம் மாதம் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வாரம் ஆட்டிப்படைத்துவிட்டுத்தான் விட்டது. அதன் பிறகும் பிள்ளை சாப்பாட்டைத் தொடவில்லை. கஞ்சிக்கும் இட்லிக்கும் வாயை இறுக மூடிக்கொண்டாள். கை கால் குச்சியாகிவிட்டது. "என்ன கேக்குதோ அதக் குடுங்கம்மா, வயித்துல ஏதாச்சும் எறங்கணும்" என்றார் டாக்டர். அண்ணன் கடையிலிருந்து பன் வாங்கி வந்தார். அவள் அதைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா" என்று அழுதாள்.

அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சிங்கப்பூரில் பக்கத்து வீட்டு ஜப்பான்கார அம்மா, சிவப்புப் பயற்றை வேகவைத்து மசித்து, சீனி போட்டுக் கிளறி, உள்ளே வைத்துப் பன் சுடுவார். மேலே கசகசா தூவியிருக்கும். என் மகள் பாதி நாள் அந்த வீட்டு அடுப்படியில்தான் கிடப்பாள்.

செய்தே தீருவது என்று இறங்கினேன். சிவப்புத் தட்டாம்பயறு கிடைத்தது. பன் சுட அடுப்பில் மண்சட்டி வைத்து, மணல் பரப்பி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டேன். மாவுதான் பொங்கவில்லை. முதல் நாள் சுட்டது கல். இட்லி மாவைக் கலந்து சுட்ட இரண்டாம் நாள், கொஞ்சம் சின்னக் கல். "இத வச்சுச் செவரு கட்டலாம்த்தா" என்றார் அண்ணன்.

ஆப்பத்துக்கு ஊற்றுவதுபோல் கள் ஊற்றினால் பொங்கும் என்று தெரியும். வாங்கி வரச் சொல்லிக் கேட்டதுமே அண்ணன் சிரித்த சிரிப்பில் எனக்கு எரிச்சல் வந்தது. "கள்ளா? நீயா கேக்குற?" என்றார். கதர் கட்டிய அவர் கள்ளுக்கடை வாசலை மிதிக்க மாட்டாராம்.

சிரிப்புக்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன் கள்ளுக்கடை மறியலில் நான் முன்வரிசை. அலங்காநல்லூர் போகிற சாலையில் ஒரு கடை முன் தினமும் உட்காருவோம். எதன்மேலும் கை வைக்கக் கூடாது என்று தலைவர்கள் எங்களிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் ஒருநாள் ஆத்திரத்தில் கடைக்காரரின் பானையைத் தூக்கிப் போட்டு உடைத்தேன். கூட வந்தவர்கள் திட்டினார்கள். நான் வருத்தப்படவேயில்லை.

இப்போது நடந்து போகிற தூரத்தில் இருந்தது அந்தக் கடை ஒன்றுதான். எப்படியும் மானம் போகப் போகிறது, காலையிலேயே போகட்டும் என்று முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அதே மனிதர். தலை நரைத்திருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், பன், மாவு பொங்கவில்லை என்று நான் உளறிக் கொட்டினேன். என்னை உற்றுப் பார்த்தார்.

"எம் பானைய ஒடச்ச பிள்ளதான நீங்க?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "ஆமாண்ணே" என்றேன்.

அவர் உள்ளே போனார். விரட்டப் போகிறார் என்றே நினைத்தேன். புதுக் கலயம் ஒன்றோடு வந்தார். "இப்ப எறக்குனதுல வேகம் பத்தாது. நேத்துக் கள்ளுல அடியில தங்குன மண்டி தாரேன். மாவ மூடி வச்சுட்டுப் பொறுமையா இருங்க" என்றார். ஊற்றி என் கையில் கொடுத்து, "கெட்டியாப் பிடிங்க தாயி. இதையும் ஒடச்சிராதீங்க" என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

மதியத்துக்குள் மாவு இரண்டு பங்கு பொங்கிவிட்டது. மகள் பன்னைப் பிய்த்து உள்ளே பார்த்தாள். முழுதாகத் தின்றாள். "இன்னொண்ணு" என்று கை நீட்டினாள். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

மறுநாள் கலயத்தைக் கழுவி, அதற்குள் ஆறு பன் வைத்துக் கொண்டுபோனேன். "அன்னைக்கு நான் செஞ்சது தப்புண்ணே" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. "பிள்ள சாப்பிட்டாளா?" என்றுதான் கேட்டார்.

கள்ளுக்கடை கூடாது என்ற என் எண்ணம் இன்றும் இம்மிகூட மாறவில்லை. மறியல் என்றால் முதல் ஆளாகப் போய் உட்காருவேன். ஆனால், அந்தக் கலயத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வீடுவரை நடந்த பிறகு, எதிரில் நிற்பவரின் பானைமேல் கை வைக்க எனக்கு மனம் வந்ததே இல்லை.