ஒரு மணிக்கு வந்த நினைவூட்டல்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி எடைமேடையின் சாப்ட்வேர் விண்டோஸ் 98-ல் மட்டும்தான் ஓடும். போன வருடமே நின்றுபோன பழைய கம்ப்யூட்டரில் இருந்ததை அப்படியே எடுத்து, இன்று புதுக் கம்ப்யூட்டருக்குள் ஓடவைத்தேன்.

அந்தப் பழைய கம்ப்யூட்டரில் வேலை பார்த்த சேகர் போன வருடம் இறந்துவிட்டார். இப்போது அவர் மனைவி தேவிதான் எடைமேடையில் வேலை செய்கிறார். பக்கத்தில் நின்றிருந்தார்.

சரியாக மதியம் ஒரு மணிக்குத் திரையில் ஒரு பெட்டி எழுந்தது. ஆங்கில எழுத்தில், "தேவிக்கு போன் பண்ணு."

தேவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"தெனம் ஒரு மணிக்குப் பண்ணுவாருண்ணா. வேலையா கீறேன்னு நான்தான் வெச்சிடுவேன்."

"அவர் தனக்காகப் போட்டு வெச்சது. இனிமே வராம எடுத்துடட்டுமா?"

"வேணாண்ணா. நாளைக்கும் வரட்டும்."

ஓகே அழுத்தி இன்றைய பெட்டியை மூடினால்தான் அது நாளைக்கு வரும். ஆனால் இருவருக்குமே அழுத்தக் கை வரவில்லை. பெட்டி இன்னும் திரையில்தான் நிற்கிறது.

நீங்களாக இருந்தால் அழுத்துவீர்களா?