நல்ல குளிரு, சிஸ்டர்

எட்டு கீமோ ஊசியும் முடிந்துவிட்டது. அதன் பிறகு ரேடியேஷன் என்று கரண்ட் வைத்ததும் முடிந்தது. தலையில் இரண்டு அங்குலம் முடி வளர்ந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து கோடு போட்டதுபோல் நேராக இருந்த முடி, இப்போது சுருட்டையாக முளைத்துக்கொண்டு என்னைக் கேலி செய்கிறது. இனி தைரியமாக ஒன்றைச் சொல்லலாம். கீமோ நடந்த மாதங்களில் நான் செத்துப் பிழைத்தேன். மார்பில் இருந்த கட்டி என்னை அந்த அளவுக்குக் கொண்டுபோகவில்லை. என் வெட்கம் கொண்டுபோனது.

கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் நான் மேட்ரன். நூறு பெண்பிள்ளைகளை அதட்டி அதட்டி வாய் நீண்டுபோனவள். என் கணவர் டாக்ஸி ஓட்டுகிறார். சுற்றுலா வருகிறவர்களை மலை ஏற்றி இறக்குவது அவர் பிழைப்பு. வைத்தியம் மதுரையில். மூன்று வாரத்துக்கு ஒரு முறை அவர் வண்டியிலேயே இறங்கிப் போய், ஊசி ஏற்றிக்கொண்டு, மறுநாள் ஏறி வருவோம்.

மலைப்பாதையில் வாந்தி எடுப்பது கீழ்நாட்டுக்காரர்கள் வேலை என்பது எங்கள் ஊர்த் திமிர். அவர்களுக்காகவே என் கணவர் வண்டியில் பிளாஸ்டிக் கவர்களும் எலுமிச்சம்பழமும் வைத்திருப்பார். முதல் ஊசி போட்டுத் திரும்பும்போது, வத்தலக்குண்டு தாண்டி மூன்றாவது வளைவில், அந்தக் கவரை நான் கேட்டு வாங்கினேன். அவர் ஓரமாக நிறுத்தினார். நான் வாயைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: "இருபது வருசத்துல நம்ம வண்டியில உள்ளூர் ஆளு எடுத்தது இதுதான் மொதத் தடவ." சிரித்ததில் எனக்கு இன்னொரு கவர் தேவைப்பட்டது.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவதில் பயனில்லை, வருவதற்கு முன்பே போட வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு ஊசி பிடித்தது. தாளிக்கிற வாசனை ஆகவில்லை. விடுதிச் சமையலறைப் பக்கம் போனாலே குடல் புரண்டது. சூடான சாப்பாட்டில்தான் வாசனை எழும்பும் என்று கண்டுபிடித்து, மார்கழிக் குளிரில் ஆறிப்போன தயிர்சாதம் சாப்பிட்டேன். நாக்கில் எதைப் போட்டாலும் இரும்பை நக்கியதுபோல் இருந்ததால் எவர்சில்வர் கரண்டியை மூலையில் போட்டுவிட்டு மரக்கரண்டிக்கு மாறினேன். வாய்ப்புண்ணுக்கு உப்புத்தண்ணீர். ஒரு நாளைக்கு ஆறு தடவை கொப்பளித்துத் துப்பினேன். பக்கத்து வீட்டு அக்கா, "என்ன, பாட்டுக் கிளாஸு போறியா?" என்றாள்.

முடி கொட்டியதற்கு நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. முடி கொட்டுவதற்கு எங்கள் ஊரைவிடத் தோதான ஊர் கிடையாது. எல்லோர் தலையிலும் கம்பளிக் குல்லா. எனக்கும் ஒன்று. ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் குல்லாவைக் கழற்றிச் சொறிந்துகொண்டிருந்தபோது பூக்காரம்மா ஒருத்தி பார்த்துவிட்டு, "பழனிக்கா?" என்று கேட்டாள். நான் வேதக்காரி, மாதா கோவிலுக்குப் போகிறவள். ஆனாலும் அவளிடம் எல்லாக் கதையையும் அவிழ்க்கத் தெம்பில்லாமல், "ஆமாக்கா" என்றேன். "முருகன் கைவிட மாட்டான்" என்று சொல்லி ஒரு முழம் மல்லிகையை நீட்டியவள், என் தலையைப் பார்த்துவிட்டு, அதைக் கையில் சுற்றிவிட்டாள். அன்று வாங்கிய ஆறுதல் எனக்கு ஒரு வாரம் வந்தது.

இப்போது குளிருக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் எங்களைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் சின்ன வயதுப் பெண், மதுரைக்காரி. ஊசி போட்ட பத்தாம் நாள் வாக்கில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும், அப்போது காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஒரு தெர்மாமீட்டரும் வாங்க வைத்தாள். முதல் ஊசிக்குப் பின் பத்தாம் நாள் அவளே போன் செய்தாள்.

"எப்படிம்மா இருக்கீங்க? காய்ச்சல், குளிரு ஏதும் இருக்கா?"

"குளிரு இருக்கு சிஸ்டர்."

"எப்பருந்து?"

"ஒரு வாரமாவே இருக்கு. நல்ல குளிரு."

"ஒரு வாரமாவா! ஏம்மா சொல்லல? ஒடனே கெளம்பி வாங்க!"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. கணவர் மூன்று மணி நேரத்தில் மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வழியில் மலை இறங்க இறங்க நான் ஒவ்வொரு ஸ்வெட்டராகக் கழற்றினேன். அங்கே போய் அளந்து பார்த்தால் காய்ச்சல் இல்லை. ரத்தமும் சரியாக இருந்தது. "குளிருதுன்னு சொன்னீங்களேம்மா?" என்று நர்ஸ் கேட்டாள். "டிசம்பர் மாசம் கொடைக்கானல்ல குளிராம என்ன செய்யும்?" என்றேன். அப்புறம் அந்த வார்டே சிரித்தது. டாக்டர்கூடச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்தடுத்துப் போனபோதெல்லாம், "வாங்க, கொடைக்கானல் அம்மா! நல்ல குளிரா?" என்பதே வரவேற்பாகிவிட்டது. நூறு பிள்ளைகளைச் சிரிக்கவும் அழவும் வைக்கிற மேட்ரன் நான். எனக்கு அது உள்ளுக்குள் சுருக்கென்று தைத்தது. இனிமேல் அந்த ஆட்களிடம் குளிர் என்ற சொல்லையே எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். நான் குளிர் கண்ட பூனை.

மூன்றாம் ஊசிக்குப் பதினோராம் நாள், பொங்கல் விடுமுறை. ஊர் முழுக்க வண்டிகள். காலையில் எழுந்ததிலிருந்தே எனக்கு நடுங்கியது. இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு வாசல் படியில் வெயிலில் உட்கார்ந்தேன். தை மாதக் குளிர், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெர்மாமீட்டர் பீரோவில் இருந்தது. அதை எடுத்தால் காய்ச்சல் இல்லை என்று காட்டும், இன்னொரு தடவை சிரிப்பாய்ச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. பல் கடகடவென்று அடித்தது. தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்குக் கணவர் வந்தார். ஏரி ரோட்டில் வண்டி நகரவில்லை என்று பாதியில் திரும்பியிருந்தார்.

"என்ன இப்பிடி உக்காந்திருக்க?"

"குளிருது."

"வெயிலு சுள்ளுனு அடிக்கிது."

"உங்களுக்கு ஒடம்புல கொழுப்பு. எனக்குக் குளிருது."

அவர் என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "வாயக் குவிச்சு ஊது" என்றார். விடிகாலையில் மலையேறி வரும் சுற்றுலாக்காரர்களின் பிள்ளைகளிடம் சொல்வாரே, வாயால் ஊதினால் புகை வரும் பாருங்கள் என்று, அதே குரல். இந்த மனுஷனுக்கு விளையாட நேரம் பார் என்று எரிச்சலோடு ஊதினேன். ஒன்றும் வரவில்லை.

"பொகையக் காணோமே" என்றார். "அப்ப குளிரு வெளிய இல்ல. ஒனக்குள்ளதான் இருக்கு."

"போயி உங்க சோலியப் பாருங்க."

அவர் பீரோவைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்துவந்தார். நூற்றி இரண்டு. காலையிலிருந்து நான்கு மணி நேரத்தை நானே வீணடித்திருக்கிறேன்.

"காலையிலயே ஏன் சொல்லல?"

"சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போறாங்க. அதைக் கேக்க நீ இருக்கணும்ல?"

முப்பது வருடத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். நான் போனை எடுத்தேன். "சிஸ்டர், குளிருதுங்க" என்றேன். அந்தப் பக்கம் லேசான சிரிப்போடு, "நல்ல குளிராம்மா?" என்று கேட்டது. "நூத்தி ரெண்டு" என்றேன். சிரிப்பு நின்றது. இங்கேயே பக்கத்தில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய் கிருமியைக் கொல்லும் மருந்தின் முதல் ஊசியை உடனே போட்டுக்கொள்ளச் சொன்னாள். என்ன மருந்து என்பதை அவர்கள் டாக்டரே இங்குள்ள டாக்டரிடம் போனில் பேசினார். நரம்பில் மருந்து ஏறியதும் கீழே கிளம்பினோம்.

பெரிய ரோட்டில் பெருமாள்மலைக்குக் கீழே வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. அவர் திருப்பி, அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் ஒடுக்கமான பாதையில் விட்டார். "வெரசாப் போங்க" என்றேன். "போயிட்டுத்தான இருக்கேன்" என்றார். நான் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். பூக்காரம்மா சொன்ன முருகனையும் விடவில்லை. அந்த நேரத்தில் ஆள் பார்த்தா வேண்டத் தோன்றும்?

மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வெள்ளை அணுக்கள் அநேகமாக இல்லை. அந்த ஒரு ஊசி மலையிலேயே ஏறியதால்தான் இவ்வளவாவது தேறியிருக்கிறது என்றார் டாக்டர். நர்ஸ் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு எங்க மேலதாம்மா, ரொம்பச் சிரிச்சுப்புட்டோம். இனிமே நூறு தடவ சும்மா போன் பண்ணுங்க. நூத்தியோராவது தடவையும் எடுப்பேன்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவள் சொன்னது பாதிதான் சரி. அவர்கள் சிரித்தது ஒரு நாள். அதைக் கட்டிக்கொண்டு திரிந்தது நான்.

காய்ச்சல் உடனே விடவில்லை. இரண்டு நாள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. போர்வைக்கு மேல் போர்வை கேட்டேன். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். ஃபேன் காற்று பட்டாலே உடம்பு தூக்கிப் போட்டது. அதனால் அதை நிறுத்திவைத்திருந்தார்கள். டாக்டர் இரண்டாம் நாள் மருந்தை மாற்றினார். அவர் வெளியே போய் என் கணவரிடம் தணிந்த குரலில் பேசியது எனக்குக் கேட்டது. என்ன பேசினார் என்று நான் விசாரிக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்து கண் விழித்தபோது, கழுத்துக்குக் கீழே ஈரமாக இருந்தது. நெற்றியில் வழிந்தது. என்ன இது என்று ஒரு நிமிடம் புரியவில்லை. வேர்வை. பக்கத்தில் நாற்காலியில் என் கணவர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். பனியன் தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடந்தது. மலைக்காட்டில் பிறந்து வளர்ந்தவர், வத்தலக்குண்டு வெயிலுக்கே முகம் சுளிப்பவர். மதுரையில், ஜன்னல் சாத்திய அறையில், இரண்டு நாளாக ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க, புழுங்குது" என்றேன். "அந்த ஃபேனப் போடுங்க."

அவர் எழுந்தார். எங்கள் வீட்டில் ஃபேன் என்பதே கிடையாது. எது எந்த ஸ்விட்ச் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தட்டினார். லைட் எரிந்தது, அணைந்தது, இன்னொரு லைட் எரிந்தது. சுவரைப் பார்த்தபடி தட்டிக்கொண்டே இருந்தார். தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அவர் அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.