கதவில் ஒரு கைத்தடம்

இன்று காலை மாட்டுங்காவில் எங்கள் பில்டிங் வாசலில் வைத்துப் புதுக் காருக்கு மெழுகுப் பாலிஷ் போட்டேன். பூசி, வெள்ளையாகக் காயவிட்டு, அப்புறம் மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாதென்று வீடு முழுக்கக் கத்தியிருந்தேன்.

காபி குடித்துவிட்டு வந்தால், இடது கதவின் வெள்ளைப் பூச்சில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.

"யார் கை வெச்சது?" என்றேன்.

"நான்தாண்டா," என்றாள் பின்னால் நின்ற அம்மா.

நேற்றுக் கோயில் வாசலில் காருக்குப் பூஜை நடந்தபோது அம்மா வரவில்லை. போன வருஷம் அப்பா போனதிலிருந்து நல்ல காரியங்களில் அவள் முன்னால் நிற்பதில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

"உங்கப்பா புக் பண்ணின வண்டி. முறை வரணுமேன்னு ஏழு வருஷம் அந்த ரசீதை எடுத்து எடுத்துப் பாத்துண்டிருந்தார். அவருக்காக ஒரு தரம் தொட்டுப் பாத்தேன். தப்பா?"

வண்டி முழுவதையும் முகம் தெரியும்படி துடைத்து முடித்தேன், அந்தக் கதவைத் தவிர.

கார் வைத்திருக்கும் நண்பர்கள் சொல்லுங்கள்: காய்ந்த பாலிஷைத் துடைக்காமல் எத்தனை நாள் விட்டால் பெயின்ட் கெடும்? அவசரமில்லை. ஜூன் மழை வரும்வரை யோசித்துச் சொன்னால் போதும்.