வெண்கட்டிக் கோடும் பின் சக்கரமும்

நிலத்தடி பார்க்கிங்குக்கென்று ஒரு மணம் உண்டு. பனிக்காலத்தில் கார்கள் தெருவிலிருந்து கொண்டுவந்து உதிர்க்கும் ஈர உப்பு, சேறு, அதோடு ரயர் ரப்பர்... சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் முதலில் குடியிருந்த கட்டடத்தை நினைத்தால் எனக்கு அந்த மணம்தான் வரும்.

கலியாணமாகி இரண்டாவது பனிக்காலம். எங்களிடம் கரும்பச்சை ஸ்ரேஷன் வாகன் ஒன்று இருந்தது. பழசு, ஒட்டோமற்றிக், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வகை. அதில்தான் நான் மிசிசாகாவுக்கு வேலைக்குப் போய்வந்தேன். பெயின்ற் பரிசோதிக்கும் லாப். பட்டம் எடுத்துப் பல மாதம் அலைந்த பிறகு, படிப்போடு சம்பந்தப்பட்ட முதல் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஜனவரியில் கார் ஒரு மாதிரியாக ஓடத் தொடங்கியது. நேரே போனால் ஒன்றும் தெரியாது. ஸ்ரியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பினால், யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோலத் திமிறும். கடக்... கடக்...

கணவரும் நானும் ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் போகும் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். கராஜ் அண்ணை ஓட்டிப் பார்த்தார். பிறகு பொனற்றைத் திறந்து, வெறுமையாக இருந்த ஓர் இடத்தில் ஒரு ஃபியூஸைச் செருகினார். அந்தக் காரில் அப்படிச் செய்தால் பின் சக்கரங்களுக்குப் போகும் இழுவை நின்றுவிடும். மீண்டும் ஒடித்துத் திருப்பினார். சத்தமே இல்லை.

"பாத்தீங்களோ தங்கச்சி? பின்சில்லுக்கு இழுவை குடுக்கிற கிளச் இறுகிப்போச்சு. கியர்பொக்ஸைக் கழட்டவேணும். உந்தப் பழங்காருக்கு உது விசர் வேலை. ஸ்கிராப்புக்குக் குடுங்கோ."

ஃபியூஸோடேயே வீட்டுக்கு வந்தோம். அடுத்த நாள் பனி. பார்க்கிங்கிலிருந்து தெருவுக்கு ஏறும் சரிவில் முன் சக்கரங்கள் சும்மா சுழன்றன. பின் சக்கரங்கள் வேடிக்கை பார்த்தன. சப்வேயும் பஸ்ஸுமாக வேலைக்குப் போய்ச்சேர முக்கால் மணித்தியாலம் பிந்திவிட்டது. சுப்பவைசர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"காரைக் குடுப்பம்," என்றார் என் கணவர் அன்று பின்னேரம். "நீர் இங்கால கிட்டவா ஏதும் வேலை பாரும்."

எனக்கு அதுதான் உறுத்தியது. தயிர் வாங்கிய வாளியைக்கூட எறியவிடாத மனிதர், ஒரு காரை எறிய ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

கராஜ் அண்ணையின் சோதனை பழுது எங்கே என்று காட்டியது. ஏன் என்று காட்டவில்லை. காரோடு வந்த கையேட்டை எடுத்து வாசித்தேன். நான்கு ரயரும் ஒரே அளவாக, ஒரே மாதிரித் தேய்ந்திருக்க வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. இல்லாவிட்டால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுழலும். இடையில் இருக்கும் கிளச் ஓயாமல் அதோடு மல்லுக்கட்டும்.

கீழே போய்ப் பார்த்தேன். நான்கு ரயரிலும் எழுதியிருந்த எண் ஒன்றுதான். பின்னால் இருப்பவை கூடத் தேய்ந்தவை போலிருந்தது. போலிருந்தது என்பது எனக்குப் போதாது.

பக்கத்து வீட்டு ரஞ்சி அக்கா மட்டக்களப்பு ஆள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவர். அவரிடம் கரும்பலகையில் எழுதும் வெண்கட்டி ஒன்று கேட்டேன். எதற்கென்று கேட்டுவிட்டு அவரும் கூடவே வந்தார்.

முன் ரயரில் ஒரு கோடு, பின் ரயரில் ஒரு கோடு. இரண்டும் நிலத்தைத் தொடும் இடத்தில். நான் காரை நேராக, நடை வேகத்தில் விட, அவர் முன் சக்கரத்துக் கோட்டை எண்ணிக்கொண்டு பக்கத்தில் நடந்தார்.

"எட்டு... ஒம்பது... பத்து! நிப்பாட்டுகா!"

இறங்கினேன். முன் கோடு நிலத்தில் இருந்தது. பின் கோடு நிலத்தைத் தாண்டி மேலே ஏறி நின்றது. மணிக்கூட்டு முள் ஆறிலிருந்து ஏழரைக்குப் போனதுபோல.

"என்னகா இது? பின்னால இருக்கிறது சின்னச் சில்லா?"

நாங்கள் நான்கு ரயரையும் ஒன்றாகத்தான் புதிதாக வாங்கினோம்; பின் இரண்டு மட்டும் இப்படித் தேயாது. மேலே போனேன். குரலை உயர்த்தவில்லை, பழக்கமில்லை.

"பின் ரயர் ரெண்டும் எங்கட இல்லை. எங்கட ரயர் எங்க?"

இவர் ரீவியைப் பார்த்தபடியே சொன்னார், "அண்ணையிட்ட."

இவருடைய தமையனிடமும் அதே மொடல் கார். டிசம்பரில் வின்ரர் ரயர் மாற்றியது இருவரும் சேர்ந்து, தமையன் வீட்டில்.

"அண்ணை கிழமைக்குக் கிழமை ஒட்டாவா ஓடுறவர். அவற்ற ரயர் தேஞ்சுபோச்சு. சைஸ் ஒண்டுதானே எண்டு மாத்திப் போட்டம்."

"கராஜில பின்சில்லு எண்டு சொல்லேக்க, ரயராலதான் எண்டு விளங்கேல்லையோ?"

"விளங்கினது... குடுத்ததை எப்பிடித் திருப்பிக் கேக்கிறது, அண்ணையிட்ட?"

தமையனிடம் இரண்டு ரயரைக் கேட்பதைவிட, காரும் என் வேலையும் போவது இவருக்கு இலகுவாக இருந்திருக்கிறது.

நானே தமையனுக்குப் போன் எடுத்தேன்.

"ஐயோ, நீர்தான் குடுக்கச் சொன்னனீர் எண்டெல்லோ இவன் சொன்னவன்!"

கிறிஸ்மஸ் லீவில் அவர் வீட்டில் சாப்பிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் தட்டில் பெரிய நண்டுக்கால் ஒன்றை வைத்து, "உமக்குப் பெரிய மனசு" என்றார். நான் கொண்டுபோன கேக்கைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "அது கடையில வாங்கினது" என்றேன்...

ஞாயிற்றுக்கிழமை வந்தார். தனக்குப் புது ரயர் வாங்கிப் போட்டிருந்தார். எங்களுடையதை அவரே ஜக் வைத்து மாற்றினார். தம்பியை ஒரு நட்டைக்கூடத் தொட விடவில்லை. கியர்பொக்ஸ் ஒயிலையும் மாற்றிய பிறகு, நான் ஃபியூஸைப் பிடுங்கினேன். முழுவதும் ஒடித்து மூன்று வட்டம் அடித்தேன். சத்தமில்லை. அந்தக் கார் இன்னும் ஐந்து பனிக்காலம் ஓடியது. வேலையும் நிரந்தரமானது.

இப்போது றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறோம். நான்கு ரயரின் காற்றும் காரின் திரையில் எண்ணாக வருகிறது. வின்ரர் ரயர்களை எங்கள் பெயர் ஒட்டி டீலரே வைத்திருக்கிறார். தமையன் ஒட்டாவாவுக்கே குடிபோய்ப் பல வருடங்கள்.

இவர் திருந்திவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஏணி, வாளி, எதுவானாலும் "குடுக்கட்டே?" என்று முதலில் என்னிடம் கேட்பார். அப்படிக் கேட்கத்தான் இப்போது சந்தர்ப்பம் குறைவு. இந்தத் தெருவில் எல்லோரிடமும் எல்லாம் இருக்கிறது.

போன தடவை ரயர் மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தேன்.

நான்கும் எங்களுடையவை.