டிரம்பெட்காரரின் இரண்டு பல்

பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவளுக்கு ஒரு வசதி உண்டு: எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தே வைத்திருப்பார், ஆனால் எதிர்த்துப் பேச மாட்டார். அந்த வசதியெல்லாம் நாற்காலியை விட்டு இறங்கும் வரைக்கும்தான். கன்னம் வீங்கி, மப்ளர் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்களே, ஒரு பக்கமாக மென்று மென்று தாடை வலித்தவர்களே, உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

ராயபுரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கிளினிக். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். தாடை எலும்பில் சின்னத் திருகு ஒன்றை முடுக்கி, அது எலும்போடு ஒட்டிய பிறகு மேலே பல் வைக்கிற வைத்தியத்தை எங்கள் டாக்டரம்மா அப்போதுதான் கற்றுக்கொண்டு வந்திருந்தார். திருகு முடுக்குவது அவர் வேலை. முடுக்கினதை வீட்டுக்குப் போய்க் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதற்கு ஒரு சீட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் துப்பாதே, கொப்பளிக்காதே. வெளியே ஐஸ் வை. ஆறின கஞ்சி குடி. பீடி, சிகரெட் தொடாதே. மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே.

பாய் கேட்காமல் விட்ட ஆள்

வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய்க்குக் கீழ்த்தாடையில் ஒரு திருகு. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நகராமல் உட்கார்ந்திருந்தார். என்ன பாய் என்றேன். தொழுகைக்கு முன்னால் கைகால் முகம் கழுவி ஒளு செய்ய வேண்டும், அதில் வாய் கொப்பளிக்க வேண்டும், ஐந்து வேளையும் அப்படித்தான், இப்போது என்ன செய்வது என்றார். டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. பாய் கீழே இறங்கிப் போய் மருந்துக் கடையிலிருந்து பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கு போன் போட்டார். உடம்புக்கு ஆகாதென்றால் கொப்பளிக்காமல் விடலாம், தொழுகை கூடும், குறை ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டாராம். பாய் முகத்தில் அப்போதுதான் தெளிச்சி வந்தது.

மறுநாள் வாயில் கைக்குட்டையோடு வந்து நின்றார், ஒரே ரத்தம். சொந்தக்காரர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள். நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கையை வீசிக்கொண்டா போவார்கள்? ஆளுக்கு ஒரு இளநீர், அதில் ஸ்ட்ரா. பாய் மூன்று இளநீரை உறிஞ்சிக் குடித்திருக்கிறார், ரத்தம் உறைந்து மூடியிருந்தது அப்படியே பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே என்று என் சீட்டில் இல்லை, தப்பு என்னுடையதுதான். பஞ்சைக் கடித்துக்கொண்டே பாய் சொன்னார்: "டாக்டர கேட்டேன், ஹஸ்ரத்த கேட்டேன். எளநீர்க்காரன கேக்க வுட்டுட்டேன்ம்மா."

வேலை: பெயிண்டிங்

அடுத்து வந்தவர் தேவராஜ், புளியந்தோப்பு, முப்பத்தைந்து வயசிருக்கும். ஷேர் ஆட்டோ கவிழ்ந்ததில் மேல்வரிசை முன்பல் இரண்டும் போயிருந்தது. ஃபாரத்தில் என்ன வேலை என்று கேட்டேன், பெயிண்டிங் என்றார், எழுதிக்கொண்டேன். இரண்டு திருகு வைத்தாயிற்று. இந்த முறை ஸ்ட்ராவையும் சேர்த்துச் சீட்டை வாசித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல் திருப்பிச் சொன்னார். இப்படி ஒரு சமர்த்தை நான் பார்த்ததே இல்லை என்று டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

நாலாம் நாள் காலையில் மேலுதடு பொங்கிப்போய், சட்டையெல்லாம் ரத்தமாக வந்து நின்றார். தையல் பிரிந்திருந்தது. என்ன செய்தீர்கள் என்று டாக்டரம்மா எத்தனை தடவை கேட்டும் வாய் திறக்கவில்லை. பின்னால் நின்ற அவர் மனைவி செல்விதான் போட்டு உடைத்தாள். பெயிண்டிங்கும் கிடையாது ஒன்றும் கிடையாது, பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர், முந்தின நாள் வியாசர்பாடியில் ஒரு சாவுக்கு வீட்டிலிருந்து சுடுகாடு வரைக்கும் ஊதியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, சீட்டைக் காட்டிக் கத்தினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "எல்லாம் கரீட்டாத்தான் பண்ணேன் சிஸ்டர். ஊதக் கூடாதுன்னு இதுல ஒரு எடத்துலயும் போடலயே."

அவர் ஏன் மறைத்தார்

டிரம்பெட்டை உதட்டில் அழுத்தி வைத்துத்தான் ஊத வேண்டுமாம். உதட்டுக்குப் பின்னால் பல் முட்டுக் கொடுக்காவிட்டால் வெறும் காற்றுதான் வரும். முதலில் கழற்றி மாட்டுகிற பல்செட்டு வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு கல்யாண ஊர்வலத்தில் உச்சத்துக்குப் போகும்போது அது வாயை விட்டுத் தெறித்து ரோட்டில் விழுந்து, தெருவே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து பேண்டு மாஸ்டர் அவர் கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்து ஓரமாக நிற்க வைத்துவிட்டார். இந்த இரண்டு திருகும் நின்றால்தான் அவருக்கு மறுபடி டிரம்பெட். வியாசர்பாடிச் சாவுக்கு ஆள் இல்லை என்று கூப்பிட்டதும், விட்ட இடத்தைப் பிடித்துவிடலாம் என்று போயிருக்கிறார்.

முன்னாலேயே சொல்லியிருந்தால் உன் தொழிலுக்குத் தக்கபடி நாள் குறித்திருப்பேனே, ஏனப்பா மறைத்தாய் என்று டாக்டரம்மா கேட்டார். தேவராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன பதில் எனக்கு இன்னும் உறுத்துகிறது: "சாவுக்கு ஊதுறவன்னு சொல்லிட்டா, நீங்க எங்க வாயில கை வெப்பீங்களோ மாட்டீங்களோன்னு பயந்துகினேம்மா."

டீயை என்ன செய்வது

டாக்டரம்மா கையுறை மாட்டுவதற்கு முன்னால் அவர் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு தட்டி, வாயைத் திற என்றார். சுத்தம் செய்து புதிதாகத் தையல் போட்டார். ஒரு திருகு உறுதியாக இருக்கிறது, இன்னொன்றை இப்போது சொல்ல முடியாது, நாலு மாசம் டிரம்பெட்டைத் தொடாதே, இது ஆடிவிட்டால் அந்த இடத்தில் மறுபடி வைக்க எலும்பு இருக்காது என்று சொல்லிவிட்டார். மாஸ்டரிடம் கெஞ்சி டிரம் அடிக்கப் போனார் தேவராஜ்.

வாராவாரம் ஈறைக் காட்ட வருவார். சிஸ்டர் போய் அக்கா ஆகிவிட்டேன். நானும் சும்மா இருக்கவில்லை. விசில் அடிக்காதே, பலூன் ஊதாதே, அடுப்பு ஊதாதே என்று சீட்டு நீண்டுகொண்டே போனது. ஒரு நாள் அவருக்கே பொறுக்கவில்லை: "சூடா டீ குடிக்கக் கூடாதுன்ற, ஊதி ஆத்தவும் கூடாதுன்ற. அப்போ டீய இன்னாக்கா பண்றது, பாத்துகினே குந்தினுகிறதா?"

எங்கள் வீட்டுச் சாவு

இரண்டாம் மாசம் முடிகிற நேரத்தில் என் அப்பா போய்விட்டார். கொருக்குப்பேட்டை வீட்டு வாசலில் சாமியானா போட்டு, தம்பி பேண்டு செட்டு சொல்லியிருந்தான். யார் வருகிறார்கள் என்று எனக்கென்ன தெரியும்? அப்பா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வெளியே டிரம் சத்தம் நடுவில் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், தேவராஜ் டிரம்மைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்து ஆளிடமிருந்து டிரம்பெட்டை வாங்கி உதட்டுக்குக் கொண்டுபோகிறார்.

அவிழ்ந்த தலையோடு எழுந்து ஓடினேன். பொணத்தைப் போட்டுவிட்டு எங்கேடி ஓடுகிறாய் என்று அத்தை கத்தியது காதில் விழுந்தது. தெருவே பார்க்க, வாயிலிருந்து எடு தேவராஜ் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விடவில்லை. கண் கலங்கியிருந்தது. "உங்கப்பாவுக்கே நான் ஊதலன்னா, இந்தப் பல்லு வந்து இன்னாக்கா பண்ணப்போவுது?"

பாக்கி இருந்த பாட்டு

எங்கப்பா ஒருத்தருக்காக உன் பிழைப்பைக் கெடுத்துக்காதே, அவர் இருந்தாலும் இதைத்தான் சொல்லுவார் என்றேன். சொல்லி முடிக்கவில்லை, அப்பா இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. நடுத்தெருவில் நின்று ஓவென்று அழுதேன். தேவராஜ் டிரம்பெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி டிரம்மை மாட்டிக்கொண்டார். சுடுகாடு வரைக்கும் அவர் தலை நிமிரவே இல்லை என்று தம்பி சொன்னான்.

நாலு மாசம் முடிந்து டாக்டரம்மா இரண்டு திருகையும் தட்டிப் பார்த்தார். சந்தேகமாக இருந்ததும் கெட்டியாகப் பிடித்திருந்தது. பல் வைத்த அன்றைக்கு, ஊதிப் பார் என்று அவரே சொன்னார். தேவராஜ் கையோடு கொண்டுவந்திருந்த டிரம்பெட்டை எடுத்து ஊதினார், வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை ஊதினார், அப்போதும் காற்று. செல்வி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மூன்றாவது தடவை சத்தம் பிடித்துக்கொண்டது, கிளினிக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. வீட்டை விட்டு உடம்பைத் தூக்கும்போது ஊதுகிற பாட்டு அது. நிறுத்தாமல் கடைசி வரைக்கும் ஊதி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்கப்பாவ தூக்கசொல்லோ ஊத வேண்டிய பாட்டு அக்கா. இன்னிக்குத்தான் முடிஞ்சுது, கோச்சிக்காத."

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்து பார்த்தபோது, பல் பிடுங்கக் காத்திருந்த இரண்டு பேர் உள்ளே இருந்து வந்த சாவுப் பாட்டைக் கேட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் இன்றுவரை சொத்தைப் பல்லோடுதான் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.